தெற்குச் சரிவு

காவுடோகெய்னோ,
ஜனவரி 19

அன்புள்ள தம்பி நீல்லாஸ்,

ஆஸ்லோவில் நீயும் உன் வருங்கால மனைவியும் சுகம் என்று எழுதியிருந்தாய். சந்தோஷம். இங்கே சுகத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

உன்னிடம் எத்தனை பனிமான் இருக்கிறது என்று மாமனார் கேட்கிறாராம். நம் ஆட்கள் யாரும் யாரையும் அப்படிக் கேட்பதில்லை, அது சொத்துக் கணக்குக் கேட்பது மாதிரி என்பது உனக்கே மறந்துவிட்டதா? போகட்டும், சொல்கிறேன். உன் காதுக்குறி போட்டவற்றில் பதினேழு உயிரோடு இருக்கின்றன. மற்றவை பட்டினியில் செத்தன.

நவம்பரில் பனிமேல் மழை பெய்து, எல்லாம் கண்ணாடியாக இறுகிவிட்டது. அடியில் மான்கள் தின்னும் பாசி இருந்தும் குளம்பால் உடைக்க முடியவில்லை. இப்படிப்பட்ட வருஷத்துக்கென்றுதானே அப்பா தெற்குச் சரிவை வேலி போட்டு வைத்திருந்தார். மரங்களுக்கு அடியில் பனி அங்கே மெத்தென்றே இருந்தது. மான்கள் தோண்டின. வந்தது மண்தான்.

செப்டம்பர் நினைவிருக்கிறதா? அப்பா கண் சிகிச்சைக்குப் போயிருந்தார். உன் நண்பர்கள் படம் எடுக்க வேண்டுமென்று, கோடை மேய்ச்சல் முடிந்து கடற்கரையிலிருந்து திரும்பிய மந்தையை வேலிக்குள் ஓட்டினாய். பாசி காய்ந்து மொறுமொறுவென்று கிடக்கிறது, மிதித்தால் நொறுங்கிவிடும், மழை வந்து நனையட்டும் என்று கத்தினேன். "ஒரு நாள்தானேக்கா, திரும்ப முளைச்சுடும், சும்மா நச்சரிக்காத"ன்னு சிரித்தாய். மூன்று நாள் மிதித்தன. மாவாகிவிட்டது. வருஷத்துக்கு நகக்கண் அளவு வளரும் பாசி அது. திரும்ப முளைக்கும்போது எனக்கு எழுபது வயது.

இப்போது நானும் உன் அத்தான் யூஹானும் கிழட்டு மரங்களை வெட்டிச் சாய்க்கிறோம், கிளையில் தொங்கும் கறுப்புப் பாசியையாவது தின்னட்டும் என்று. அவருக்குத் தோள்பட்டை போய்விட்டது. மந்தை கடற்கரைக்குக் கிளம்பும் ஏப்ரல் வரை தாக்குப்பிடிக்க இன்னொரு ஆள் வேண்டும். கல்யாணத்துக்கு நாள் குறிப்பதைத் தள்ளிப்போட்டால் ஒன்றும் குடிமுழுகாது.

இன்னொன்று. வேலிக்கதவு தானாக அவிழ்ந்து மந்தை உள்ளே போய்விட்டது என்று அப்பாவிடம் பொய் சொல்லிவைத்தேன், உனக்காக. சிகிச்சைக்குக் கிளம்புமுன் கதவைக் கடைசியாகக் கட்டியவர் அவர். "கண்ணு தெரியாம நான்தாம்மா சரியாக் கட்டல, என்னாலதான் எல்லாம் செத்துச்சு"ன்னு தினமும் புலம்புகிறார். சாப்பாடு பாதியாகிவிட்டது.

நீ நன்றாக இரு. அவர் இருக்கும்போதே வந்துவிடு.

உன் அக்கா,
ராவ்னா