மறுபடியும் கோரை

முதலியார்பேட்டை
12.10.2004

அன்புள்ள ஆதிலட்சுமிக்கு,

இங்கு நலம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? அம்மாவுக்கு இருமல் நின்றதா?

போன மாதம் ஏரியைச் சுத்தம் செய்கிறோம் என்று கோரையையெல்லாம் வேரோடு பிடுங்கிப் போட்டோம். இப்போது வந்திருக்கும் புது அதிகாரி, "புடுங்குனத திரும்ப நடுங்கப்பா. கோரை இருந்தாதான் தண்ணி நின்னு கீழ எறங்கும். இல்லன்னா டவுன் போர்வெல்ல உப்புத்தண்ணிதான் வரும்" என்கிறார். நடுகிறோம். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

நேற்று சேற்றில் இடுப்புவரை இறங்கிவிட்டேன். கயிறு போட்டு இழுத்தார்கள். செருப்பு மட்டும்தான் போனது, பயப்படாதே.

அறையில் வெறும் சிமென்ட் தரை. இந்தப் பக்கம் யாராவது வந்தால் ஒரு கோரைப்பாய் கொடுத்தனுப்பு.

மேஸ்திரி கூப்பிடுகிறார். புதிதாக வாங்கிவிடாதே, நாம் படுக்கிற பழைய பாயே வேண்டும்.

தணிகாசலம்