யாருட கம்பு என்று கேட்டவள்

என் ஈரக்குலைத் தம்பி அஸ்ஃபர்,

உன் புத்தகம் எட்டாம் வகுப்புக்குள் போய்விட்டது. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அவ்வளவு நல்ல செய்தி இல்லை. நீ இருந்திருந்தால், "ராத்தா, அந்தச் சின்னப் பிள்ளையளுக்கு என்னத்துக்கு இந்தத் தலையிடி?" என்று சிரித்திருப்பாய். சிரிக்கத்தான் உன்னை விட்டுவைக்கவில்லையே, அந்த நாய்கள்.

வாசிப்புப் பாடவேளையில்தான் எடுத்தேன். சரித்திரக் கதை, அதுவும் முழுக்கப் பாட்டு என்றதும் பிள்ளைகள் முகத்தைச் சுளித்தார்கள். "டீச்சர், இது சோதினைக்கு வருமா?" என்று முன்வரிசை நுஸ்ரத் கேட்டாள். வராது என்றேன். பாதி வகுப்பு அப்போதே மேசையில் தலையைப் போட்டது. நீ களிகம்பு ஆட்டத்தின் தாளத்துக்குத்தானே அந்த வரிகளைக் கட்டினாய்? மறுநாள் ஆளுக்கொரு கம்பு கொண்டுவரச் சொன்னேன். மேசையில் தட்டித் தட்டி வாசித்தோம். அதற்குப் பிறகு அவர்களை அடக்க ஏலவில்லை. "டீச்சர், பக்கத்து வகுப்பில கணக்குப் பாடம் நடக்குது" என்று அதிபர் வந்து கெஞ்சிவிட்டுப் போனார்.

உனக்குத் தெரியாததா? ஆனாலும் இதை வாசிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நம் ஊரில் களிகம்பு ஆடும்போது ஒருவனின் வீச்சுப் பிசகி அடுத்தவன் விரலில் விழுந்தால், ஆட்டத்தை நடத்தும் அண்ணாவி எல்லாரையும் நிறுத்துவார். "யாருட கம்பு?" என்று கேட்பார். அடித்தவன் கையை உயர்த்தி "என்ட கம்பு" என்று சொல்லும்வரை ஒருவரும் காலை அசைக்கக் கூடாது. அந்தக் கேள்வியைத்தான் நீ உன் கதையின் நடுவில் வைத்தாய். ஒல்லாந்தர் காலம். உப்புக் களவெடுத்தான் என்று மீரானைக் கற்பிட்டிக் கோட்டை வாசலில் கட்டுகிறார்கள். கோட்டைத் தலைவன் கப்பித்தான் தன் கையால் அடிக்கவில்லை, மீரானின் அயலவர்களிடம் பிரம்பைக் கொடுக்கிறான். தோல் உரிந்து எலும்பு தெரியும்வரை அடிக்கிறார்கள். அவன் மவுத்தான பிறகு அவன் பெண்சாதி வீடு வீடாகப் போய் "யாருட கம்பு?" என்று கேட்கிறாள். எல்லா வீட்டிலும் ஒரே பதில்: "தொரைட கம்பு."

அதை எழுதி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, உன்னையும் கட்டினார்கள். கோட்டை வாசலில் இல்லை, வெங்காயத் தோட்டத்துத் தென்னையில். தோட்டங்களில் தண்ணீர் மோட்டர் களவு போய்க்கொண்டிருந்த நாட்கள். மஃரிப் தொழுது இருட்டிய பிறகு நீ குறுக்கு வழியால் வந்தாய், கையில் டோர்ச் இருந்தது, காவல் நின்ற ஊர்க்காரர்களுக்கு, உன்னைக் கள்ளன் என்று பிடிக்க அது போதும். மண்வெட்டிப் பிடி, குழாய்த் துண்டு, கையில் கிடைத்ததெல்லாம். அடக்கத்துக்கு முன் உன்னைக் குளிப்பாட்டிய, நம்மோடு பிறந்த மூத்த நானா வெளியே வந்து வாசலிலேயே சத்தி எடுத்தார். உன் முகத்தில் காயம் இல்லாத ஓர் இடம் தேடினேன், தங்கமே, தொட்டுப் பார்க்க. கிடைக்கவில்லை.

பிடிபட்டவர்கள் பிணையில் வந்துவிட்டார்கள். பொலிசிலும் கோட்டிலும் அவர்களுக்கு ஒரே கதைதான்: "நாங்க சும்மா பாத்துக்கொண்டு நின்ட. கூட்டத்தில யாரோ அடிச்ச." ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் அந்தக் கைகள் அழுகிப் போகட்டும் என்று கேட்கிறேன். அப்படிக் கேட்பது பாவம் என்கிறார் உம்மா. பாவமாகவே இருக்கட்டும். எனக்கு வேண்டியது ஒன்றுதான். அவர்களில் ஒருத்தன், ஒரேயொருத்தன், நான்தான் அடித்தேன் என்று தன் வாயால் சொல்ல வேண்டும்.

அவர்களில் பைசல் என்பவனின் மகள் ருஸ்னா என் வகுப்பில்தான் படிக்கிறாள். "மீரான அடிக்கிற அந்த அதிகாரத்த மட்டும் விட்டுட்டுப் போங்க டீச்சர், அல்லாஹ்வுக்காக" என்றார் அதிபர். "நடந்தத விட்டுட்டுச் சரித்திரம் படிப்பிக்க எனக்கு ஏலாது, சேர்" என்றேன். சரித்திரத்தின் மேல் உள்ள பாசத்திலா சொன்னேன்? வயிறு எரிந்தது, சொன்னேன்.

கரும்பலகைக்கு முன்னால் ஒரு கதிரையை வைத்தேன். அதுதான் மீரானைக் கட்டிய கம்பம். ஒவ்வொரு பிள்ளையும் வந்து, அயலவர் ஒருவரின் பாட்டைச் சொல்லிவிட்டுக் கதிரையில் கம்பால் அடிக்க வேண்டும். ருஸ்னாவின் முறை வந்தது. பாட்டைத் தடங்கலில்லாமல் சொன்னாள். கம்பைத் தூக்கினாள், அது இறங்கவில்லை. பின்னாலிருந்து நுஸ்ரத் சொன்னாள்: "அடிடி! எப்பிடி அடிக்கிறன்டு ஒன்ட வாப்பாட்ட கேட்டுட்டு வரல்லயா?"

ருஸ்னா திரும்பிய வேகத்தில் கம்பு நுஸ்ரத்தின் நெற்றியைப் பிளந்தது. அடுத்த அடி கன்னத்தில். அதே வகுப்பில் படிக்கும் நுஸ்ரத்தின் சாச்சா மகன் பாய்ந்து, ருஸ்னாவைப் பர்தாவோடு பிடித்துச் சுவரில் மோதினான். அதற்குப் பிறகு யார் யாரை அடித்தார்கள் என்று யா அல்லாஹ், எனக்குத் தெரியாது. எல்லார் கையிலும் கம்பு இருந்தது, நான்தானே கொண்டுவரச் சொன்னேன். வெள்ளைச் சீருடையெல்லாம் இரத்தம். நான் கத்திய கத்தலில் தொண்டை புண்ணாகிவிட்டது. பக்கத்து வகுப்பு சேர்மார் ஓடி வந்துதான் பிரித்தார்கள்.

ஊரே பள்ளிக்கூட வாசலுக்கு வந்துவிட்டது. "கொலகாரன்ட மகள இந்த இஸ்கூல்ல வைக்கப் படாது!" என்று நுஸ்ரத்தின் உம்மா மண்ணை அள்ளி எறிந்தாள். பைசலும் வந்தான். தலைக் காயத்தில் துணி கட்டி நின்ற மகளைக் கண்டதும் என் பக்கம் திரும்பினான்.

"எங்கள்ள வஞ்சம் தீக்கத்தானே அந்தப் புத்தகத்தப் படிப்பிக்கிறீங்க?"

"ஓம், அப்பிடித்தான்டு வச்சிக்கங்க!" என்றேன். பிள்ளைகளிடம் பறித்த கம்புகள் என் கையில் கட்டாக இருந்தன. வல்லாஹி, தம்பி, அவன் மண்டையைப் பிளக்கத்தான் என் கை உயர்ந்தது.

ருஸ்னா எங்களுக்கு நடுவில் வந்து நின்றாள். என்னை அவள் பார்க்கவே இல்லை.

"வாப்பா, யாருட கம்பு?"

"வா வீட்ட" என்று பைசல் அவள் கையைப் பிடித்து இழுத்தான்.

"நுஸ்ரத்துக்கு அடிச்சது என்ட கம்பு. நான் அதிபர்ட்ட சொல்லிட்டன். நீங்களும் சொல்லுங்க வாப்பா. அண்டைக்கு யாருட கம்பு?"

ஓங்கி ஓர் அறை விட்டான். உதடு வெடித்து இரத்தம் வந்தது. அவள் அதே கேள்வியைத் திரும்பவும் கேட்டாள். பைசல் அப்படியே மண்ணில் குந்தினான். தலையில் தலையில் அடித்துக்கொண்டான்.

"என்ட கம்பு. மொத அடி என்ட. மண்வெட்டிப் பிடியால. அவரு என்ட பேரச் சொல்லிக் கூப்பிட்டாரு. அதுக்குப் பொறகும் நான் அடிச்ச."

அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாயா, தம்பி? தெரிந்த மனிசன், காப்பாற்றுவான் என்றா நினைத்தாய்? இந்தச் சொல்லுக்காகத்தானே நான் காத்துக் கிடந்தேன், கேட்டதும் கையிலிருந்த கம்புகளைக் கீழே போட்டுவிட்டேன். அதிபர் பக்கத்தில்தான் நின்றார். கேட்டதைக் கோட்டில் வந்து சொல்வதாக எனக்கு வாக்குத் தந்திருக்கிறார். நுஸ்ரத் நெற்றியில் தையலோடு வகுப்புக்கு வந்துவிட்டாள். ருஸ்னா மட்டும் இன்னும் வரவில்லை. படித்தது போதும் என்று அவள் உம்மா சொல்லிவிட்டாளாம்.

கம்புகளை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். மிச்ச அதிகாரங்களை வெறும் கையால் தட்டி வாசிக்கிறோம். நாளைக்குப் பைசலின் வீட்டுக்குப் போகப் போகிறேன். அந்த வீட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்க மாட்டேன், அவன் முகத்தைப் பார்க்கவும் மாட்டேன். ஆனால் அந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டுதான் திரும்புவேன். அவன் சிறைக்குப் போக வேண்டும், அவன் மகள் பள்ளிக்கூடத்துக்கு வர வேண்டும். அல்லாஹ் மேல் ஆணை, இரண்டையும் பார்க்காமல் நான் ஓயமாட்டேன்.

உன்னை இடுப்பில் தூக்கி வளர்த்த
உன் ராத்தா