வெளியே தெரிகிற நடத்தை

ஆவடி, 9.8.1988

தபால் வழி உளவியல் பாடத்தில் இன்று வரலாற்றுப் பகுதி படித்தேன். ஆரம்பத்தில் மனசுக்குள் பார் என்றார்களாம். பின்னால் வந்தவர்கள், உள்ளே இருப்பது யாருக்குத் தெரியும், வெளியே தெரிகிற நடத்தை போதும் என்றார்கள். கண் எரிகிறது.

இவர் ஷிப்ட் முடிந்து வந்து, காபி குடித்தார், பேப்பர் பார்த்தார். குழாயடியில் பக்கத்து வீட்டு மல்லிகா கேட்டாள்: "உன் ஊட்டுக்காரரு சொல்லலியாக்கா? அவர் பக்கத்து மிஷின்காரருக்கு ரெண்டு வெரலு போயிடுச்சாம்."

சோறு போடும்போது, "ஃபேக்டரில ஏதாவது நடந்துச்சா?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. மோர் ஊத்து."

நடத்தையில் ஒரு குறையும் இல்லை. மேலே கேட்கத் தெம்பில்லாமல் விட்டுவிட்டேன்.

பாப்பாவைத் தூங்கவைக்கப் போனவர் இன்னும் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். அவள் எப்போதோ தூங்கிவிட்டாள். இவர் இருட்டில் அவள் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.