பிரபா சொல்லாத மூன்று வசனங்கள்

ஜனவரி 23, 2025, வியாழன்

இன்று பெண்கள் சங்கத்துக்கு வந்தவர்கள் ஆறு பேர்: தலைவி ஜோசஃபின் ஆன்ட்டி, ஆயரின் மனைவி ஆயரம்மா, பெட்டி, ஸ்டெல்லா, குணசீலி, நான். என் தங்கை பிரபா வரவில்லை. ஊருக்கு வெளியே ஹெப்பகோடியில் அவள் கம்பெனியில் இந்த வாரம் மதிய ஷிஃப்ட்.

எங்கள் சங்கத்தில் பெயர் கூப்பிட்டால் 'பிரசன்ட்' என்று சொல்லித் தப்ப முடியாது. வேதத்திலிருந்து ஒரு வசனம் சொல்ல வேண்டும். பெயருக்கு நேரே அந்த வசனத்தின் எண்ணை நான் எழுதுவேன். ஒருத்தர் சொன்னதை அதே நாளில் இன்னொருத்தர் சொல்லக் கூடாது. வராதவர் வரி காலி. பதினோரு வருஷமாக நோட்டு என் கையில். மற்றவர்களுக்குத் தமிழ் பேசத் தெரியும், எழுதச் சொன்னால் நழுவுவார்கள். நானும் கன்னடப் பள்ளிதான், எட்டாவதோடு சரி. தமிழ் எழுத்தை வேதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நானே கற்றேன்.

ஸ்டெல்லா இன்றைக்கும் மேய்ப்பன் வசனம். "அந்த ஆடு மேஞ்சு மேஞ்சு டயர்டா ஆயிருக்கும், வேற சொல்லேன்" என்றாள் பெட்டி. ஆயரம்மாவே சிரித்துவிட்டார்.

சிலிண்டர் மாற்றினேன். போனது 41 நாள் வந்தது.

ஜனவரி 25, சனி

பிரபா போன் செய்தாள். நம் சபையின் பெண்கள் விடுதிக்கு வார்டன் தேடுகிறார்களாம். வேலையோடு ஓர் அறையும் உண்டு. மனு போட்டுவிட்டாள். ஒரு நிபந்தனை. சங்கக் கூட்டங்களில் போன வருஷம் பாதிக்காவது வந்திருக்க வேண்டும். நோட்டைப் பார்த்து நான் பட்டியல் எழுத வேண்டும், ஜோசஃபின் ஆன்ட்டி கையெழுத்துப் போட வேண்டும்.

நடந்தது இருபத்துநாலு கூட்டம். பிரபா வந்தது ஒன்பது.

"மூணு டிக் தானேக்கா."

"டிக் இல்லடி, வசனம்."

"சரி, மூணு வசனம். உனக்குத்தான் ஆயிரம் தெரியுமே. நான் என்ன ஊர் சுத்தவா போனேன்? ஷிஃப்ட் போட்டா நான் என்ன பண்றது?"

அதுவும் உண்மை. லீவு கிடைத்த நாளெல்லாம் இரண்டு பஸ் மாறி வந்தவள்தான். நாலு பேர் தங்கும் அறையில் ஆறு வருஷமாக இருக்கிறாள்.

யோசிக்கிறேன் என்றேன்.

ஜனவரி 26, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்து டிரேவரிடம் சொன்னேன். என் வீட்டுக்காரர் எதையும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார். "டெய்லி போன்ல 'சிவாஜிநகர் தாண்டிட்டேன்'னு சொல்றேன். அப்ப நான் ஆபீஸ்ல ஷூ மாட்டிட்டு இருப்பேன். அதுக்கு எனக்கு நரகமா? சும்மா டென்ஷன் ஆகாத சுகி."

அது சோறு ஆறிப்போகும் பொய். இதுவும் அதுவும் ஒன்றா?

மத்தியானம் வேதத்தில் பொய் சொன்னவர்களைத் தேடினேன். எகிப்தில் பிள்ளைகளைக் காப்பாற்றிய மருத்துவச்சிகள் ராஜாவிடம் பொய் சொன்னார்கள், தேவன் அவர்களுக்கு நன்மை செய்தார். எரிகோவில் ஒருத்தி வேவுகாரரைக் கூரையில் மறைத்துவிட்டு, போய்விட்டார்கள் என்றாள். அவளும் பிழைத்தாள். ஆனால் அவர்கள் உயிரைக் காக்கச் சொன்னார்கள். நிலத்தை விற்றதில் கொஞ்சத்தை மறைத்த புருஷனும் பெண்சாதியும் நின்ற இடத்திலேயே விழுந்து செத்தார்கள். அந்தப் பக்கத்தை வேகமாகத் திருப்பிவிட்டேன்.

ஜனவரி 27, திங்கள்

எழுதிவிட்டேன்.

ஜூலை 11, ஆகஸ்ட் 22, அக்டோபர் 17. மூன்றும் பிரபாவின் காலி வரிகள். டிக் அடிக்கும் வழக்கமாக இருந்திருந்தால் மூன்று விநாடியில் முடிந்திருக்கும். வசனம் தேடவே அரைமணி. பிரபாவுக்குத் தமிழ் படிக்க வராது, காதால் கேட்டதுதான். அவளுக்குத் தெரிந்த வசனமாக இருந்தால்தானே நம்புவார்கள்? ஒன்றுக்கு மேய்ப்பன். ஒன்றுக்கு ஞாயிறு பள்ளியில் பாட்டாகப் படித்தது. ஆகஸ்டுக்கு, வேதத்திலேயே குட்டியான வசனம், நம் ஆண்டவர் அழுதார் என்பது. அதைத்தான் அவள் எப்போதும் சொல்லிவிட்டு 'தப்பிச்சேன்' என்று கண்ணடிப்பாள்.

எழுதும்போது மேலே மற்றவர் பெயர்கள் தெரிந்தன. பார்க்கப் பிடிக்கவில்லை. கேஸ் ரசீதை வைத்து மறைத்துக்கொண்டு எழுதினேன்.

ஜனவரி 28, செவ்வாய்

ஜெபிக்க உட்கார்ந்தேன். பால் பொங்கும் என்று எழுந்துவிட்டேன். பால் அடுப்பிலேயே வைக்கவில்லை.

ஜனவரி 30, வியாழன்

ஜோசஃபின் ஆன்ட்டி பதினொரு மணிக்கு வந்தார், பட்டியலில் கையெழுத்துப் போட. காபி கொடுத்தேன். நோட்டையும் கேட்டார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலை வைத்து வரிவரியாகப் பார்த்தார். ஆகஸ்ட் 22இல் விரல் நின்றது.

"இது அவர் போய் மூணாவது வாரம் இல்ல?"

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. வீட்டுக்காரர் ஓஸ்வால்ட் அங்கிள் இறந்தபின் ஆன்ட்டி வந்த முதல் கூட்டம். பெயரைக் கூப்பிட்டேன். வாயைத் திறந்தார், ஒன்றும் வரவில்லை. அப்புறம் அந்தக் குட்டி வசனத்தை மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டார். யாரும் யாரையும் பார்க்கவில்லை. அந்த எண்ணை முதல் வரியில் எழுதியதும் நானே. அதைத்தான் ரசீதால் மூடியிருக்கிறேன்.

"பிரபாவும் அன்னைக்கு இருந்தாளா? பார், நான் சொன்னதையே சொல்லியிருக்கா. ரிப்பீட் பண்ணக் கூடாதுன்னு நீயும் தடுக்கல."

நான் குனிந்து மேஜையைத் துடைத்தேன்.

"அழுத கண்ணுல எனக்கு யார் முகமும் தெரியல சுகிர்தா. எனக்குத் துணையா சொல்லியிருக்கா பாவம். இருந்தா தானே?"

"ஆமா ஆன்ட்டி."

பேனாவால் எழுதியது மூன்று. வாயால் இது நாலாவது.

கையெழுத்துப் போட்டார். விடுதிக் கமிட்டியில் தானே பேசுவதாகச் சொல்லிவிட்டுப் போனார். வாசல் வரை போய்த் திரும்பி வந்து காபி டம்ளரைக் கழுவி வைத்தார்.

பிப்ரவரி 1, சனி

பிரபா போன். குரலே சரியில்லை.

"அக்கா, ஜோசஃபின் ஆன்ட்டி கால் பண்ணாங்க. தேங்க்ஸ் சொல்லி அழுதாங்க. எதுக்குன்னே தெரியாம 'பரவால்ல ஆன்ட்டி, பரவால்ல ஆன்ட்டி'ங்கறேன். என்னதான் எழுதி வெச்ச?"

சொன்னேன்.

"போயும் போயும் அந்த நாளா கெடச்சுது உனக்கு?" அப்புறம், "விடு. இப்ப போய் உளறி வெக்காத. திங்கக்கெழம கமிட்டி."

பிப்ரவரி 2, ஞாயிறு

ஆராதனையில் இராப்போஜன அப்பமும் ரசமும் வாங்க நான் எழுந்து போகவில்லை. கால் வலி என்று டிரேவரிடம் சொன்னேன். ஐந்து.

ஒன்றை மட்டும் இங்கே ஒளிக்காமல் எழுத வேண்டும். தங்கைக்காகச் செய்தேன் என்றே ஆண்டவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதி. விடுதி எங்கள் வீட்டிலிருந்து எட்டு நிமிட நடை. டிரேவர் காலையில் போனால் ராத்திரிதான். மத்தியானம் தட்டை வைத்துக்கொண்டு யாரிடம் பேசுகிறேன்? இந்த டைரியிடம். பிரபா பக்கத்தில் வந்தால் எனக்குத்தான் லாபம். மருத்துவச்சிகள் பிள்ளைகளுக்காகப் பொய் சொன்னார்கள். நான் எட்டு நிமிட நடைக்குச் சொன்னேன்.

யாருக்கு நஷ்டம், யாருக்கு நஷ்டம் என்று கேட்டுக்கொண்டே இருந்தேனே. அந்த அம்மா போனில் அழுதிருக்கிறார். இல்லாத ஒன்றுக்கு நன்றி சொல்லி.

பிப்ரவரி 3, திங்கள்

கமிட்டி சாயங்காலம். காலை பத்து மணிக்கு ஜோசஃபின் ஆன்ட்டி வீட்டுக்கு நோட்டோடு போனேன். பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். மூன்று தேதியும். நாலாவது வாயால் சொன்னதையும்.

குக்கர் விசில் வந்தது. போய் அடுப்பை அணைத்தார். திரும்பி வர நேரமாயிற்று.

"அன்னைக்கு எங்கூட ஒருத்தி சொன்னான்னு நெனச்சு நாலு நாள் நல்லாத் தூங்கினேன்" என்றார்.

மன்னிப்புக் கேட்கப் பாடமாக வைத்திருந்த வார்த்தையெல்லாம் போய்விட்டது. ஐயோ, அடித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்குமே! ஆன்ட்டி, நான் வேணும்னு அந்த நாள எடுக்கல, சத்தியமா எனக்கு ஞாபகம் வரல — என்று ஏதோ பேசினேன். ஞாபகம் வராததும் குற்றம்தானே? அந்த நாளை எழுதி வைத்தவளே நான்.

"ஒயிட்னர் போடாத" என்றார். "கோடு போட்டு அடி. கீழ உன் பேரு எழுது. ஆயர்கிட்ட நீயே போய் சொல்லு. நான் சொல்ல மாட்டேன்."

மூன்று வரியையும் அவர் முன்னாலேயே அடித்தேன். பீன்ஸை எடுத்து நானும் நறுக்கலாமா என்று நினைத்தேன். அவர் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

பிப்ரவரி 4, செவ்வாய்

நேற்று மத்தியானமே ஆயரிடம் சொல்லிவிட்டேன். நீளமாக ஒன்றும் பேசவில்லை. ஜெபித்தார். "நோட்டு கொஞ்ச நாள் பெட்டிகிட்ட இருக்கட்டும்மா" என்றார். கமிட்டி பிரபாவின் மனுவை எடுக்கவில்லை.

பிரபா: "சொல்றதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் போட்டியா? உம் மனசு சுத்தமாயிடுச்சு. என் ரூம் போச்சு." வைத்துவிட்டாள்.

அவள் சொன்னதில் பொய் இல்லை.

பிப்ரவரி 6, வியாழன்

கூட்டத்துக்குப் போகவில்லை. கால் வலி என்று சொல்லி அனுப்பவில்லை. வர வெட்கமாக இருக்கிறது என்று பெட்டியிடம் சொன்னேன். "அதுக்கு நோட்டுல கட்டம் இல்லியே சுகி" என்றாள். சிரிப்பு வந்தது. அப்புறம் அழுகையும்.

பிப்ரவரி 11, செவ்வாய்

பிரபா போனை எடுப்பதில்லை. ஏழு நாள் ஆயிற்று.

பிப்ரவரி 15, சனி

டிரேவரிடம் கேட்டேன், முன் அறையைப் பிரபாவுக்குக் கொடுக்கலாமா என்று. தையல் மிஷினும் பழைய டிவியும்தான் அங்கே குடித்தனம் செய்கின்றன. "இத முன்னாடியே கேட்டிருந்தா இவ்ளோ பெரிய கூத்தே இல்லியே" என்றார். உண்மை. எனக்கு ஆள் வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்க வெட்கப்பட்டேன். அதைவிட நோட்டில் பொய் எழுதுவது சுலபமாக இருந்திருக்கிறது. இது எப்படிப்பட்ட மனசு?

மிஷினை நகர்த்திப் பெருக்கினேன். காணாமல்போன பாபின் நாலு கிடைத்தது.

பிப்ரவரி 20, வியாழன்

இன்று வந்தவர்கள் ஐந்து பேர்: ஜோசஃபின் ஆன்ட்டி, பெட்டி, ஸ்டெல்லா, குணசீலி, நான். ஆயரம்மா ஊரில் இல்லை.

பெட்டி கூப்பிட்டாள், தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதிக்கொண்டு. ஆன்ட்டி நீளமான வசனம் ஒன்றைத் தடுமாறாமல் சொன்னார். என் முறை வந்தது. எழுந்து நின்றேன். ஆயிரம் தெரிந்தவளுக்கு ஒன்றும் வரவில்லை. பெட்டி பேனாவோடு காத்திருந்தாள்.

"அவ வந்திருக்கா, அத எழுதிக்கோ" என்றார் ஜோசஃபின் ஆன்ட்டி, என்னைப் பார்க்காமல். "வசனம் அடுத்த தடவ சொல்லட்டும்."

பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக, நான் இருந்தும் என் வரி காலி.

வீட்டுக்கு வந்து பிரபாவுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். உளறாமலிருக்க முதலில் இங்கே எழுதிவைத்துக்கொண்டு அப்படியே பேசினேன்:

"பிரபா, அக்கா பேசறேன். உன் ரூம் போனது என்னாலதான். உங்கிட்ட கேக்காம போய் சொன்னதும் தப்புதான். நீ பக்கத்துல வரணும்னு உன்னவிட நான்தான் ரொம்ப ஆசப்பட்டேன், அத மட்டும் சொல்லாம விட்டுட்டேன். நம்ம முன் ரூம காலி பண்ணிட்டேன். மாமாவும் சரின்னுட்டாரு. கம்பெனி இங்கிருந்து ரொம்ப தூரம், தெரியும். இங்க இருந்துட்டே வேற வேல பாக்கலாம். வரலேன்னாலும் கோச்சுக்க மாட்டேன்னு சொல்ல வந்தேன். அது பொய், கொஞ்சம் கோச்சுக்குவேன். ஞாயித்துக்கெழமைக்குள்ள பதில் சொல்லு."