கொப்புளிச்ச கதவு

அன்புள்ள அம்மாவுக்கு புகழேந்தி எழுதறது. முட்டிவலி கம்மியாச்சா? நான் நல்லாருக்கேன். போன்ல சொல்ல வாய் வரல, அதான் எழுதறேன்.

இங்க திருவண்ணாமலையில ஒரு டீச்சரம்மா, பூஜை ரூம் கதவுமேல ஒட்ட மரக்கலர் ஷீட்தான் கேட்டாங்க. கண்ணாடியாட்டம் மின்னும்னு அக்ரிலிக் ஷீட்டை ஒட்டவெச்சது நான்தான். அதுக்குச் சூடு மட்டும் ஆகாதுன்னு அவங்களுக்குப் பாடம் வேற எடுத்தேன். வேலை முடிஞ்சதும் நானே கதவுக்குக் கற்பூரம் காட்டினேன். தட்டு ரொம்பக் கிட்ட போயி, ஷீட் கொப்புளிச்சிடுச்சு.

அவங்க திட்டல. அந்த இடத்துமேல அண்ணாமலையார் படத்தை ஒட்டிட்டு, சாப்பிடக் கூப்பிட்டாங்க.

கிரிவலத்துக்கு வரும்போது அப்பாவோட பழைய வேட்டி கொண்டாம்மா, ஷீட் துடைக்க ஆகும். பஸ் ஸ்டாண்டுலயே நிக்கறேன். நான் செஞ்ச கதவைப் பாக்கணும்னு உன்கூட வர்றவங்க கேட்டா, டீச்சரம்மா வீடு பூட்டியிருக்குன்னு சொல்லிடு.

புகழேந்தி