கடற்கரையில் நான் சொன்ன பெயர்

சனிக்கிழமை, இரவு

சபைத் தோழிகள் நான்கு பேர் திண்டிவனத்திலிருந்து ரயிலேறி மெட்ராஸ் போனோம். மெரினாவில் சுண்டல் தின்றுகொண்டிருந்தபோது, "செல்வி மேடம்!" என்று ஒருவர் கூப்பிட்டார். எங்கள் எஸ்தர் திரும்பினாள். அவளுடைய ஆபீஸ்காரர். சிலுவைச் செயினைச் சட்டென்று சேலைக்குள் தள்ளினாள். இந்து எஸ்.சி. என்று போட்ட சாதிச் சர்ட்டிபிகேட்டில் அவள் செல்வி. வேலை கிடைத்தது அதை வைத்துத்தான்.

"இவங்கல்லாம் பக்கத்து வீடு சார். கடல் பாத்துக்கினு போலாம்னு வந்தோம்" என்றாள்.

அவர் என்னைப் பார்த்து, "உங்க பேருங்க?" என்றார்.

மேரி என்று சொல்ல வாய் வரவில்லை. "கலா" என்றேன்.

திரும்பும்போது ரயிலில் எஸ்தர் கேட்டாள்: "செல்வி எங்கப்பா வச்ச பேரு. கலான்னு உனக்கு யாருடி வச்சது?"

அவளைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னேன் என்று நினைத்திருந்தேன். இப்போது அதுவும் சந்தேகமாக இருக்கிறது.