காதால் பார்க்கும் வேலை

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் நலம். நீங்கள் எல்லாரும் நலம்தானே? என் அம்மாவுக்கு முட்டிவலி தேவலையா?

இங்கே பட்டறையில் ஒன்று நடந்தது. பயப்படாதே, சின்ன விஷயம்தான். விற்பனைக்கு வந்த, மரம் அறுக்கும் பழைய மிஷின் ஒன்றை டியூன் செய்தேன். முழு வேகத்தில் ஓடவிட்டு, சத்தத்தைக் கேட்டுத்தான் கார்புரேட்டர் ஸ்க்ரூவைத் திருக வேண்டும். கீச்சென்று கத்தினால் பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம். என் காதுக்கு எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அரை மணியில் பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொண்டு மிஷின் நின்றுவிட்டது.

"அது கத்துனது தெருமுனை வரைக்கும் கேட்டுச்சேப்பா, உனக்குக் கேக்கலையா?" என்றார் முதலாளி. சிரித்துச் சமாளித்தேன். நாளைக்கு வேறொரு மிஷின், அவரும் பக்கத்திலேயே நிற்பாராம்.

இனி ஃபோன் வேண்டாம், கடிதம் போடு. பாப்பா பேசுவதையெல்லாம் அப்படியே எழுது. வேலைக்கு நேரமாகிவிட்டது. போன வாரம் அவள் ஃபோனில் என்னவோ கேட்டாள், நானும் "சரி சரி" என்றேன். என்ன கேட்டாள் என்று முதலில் எழுது.